காதால் வாசிப்பவருக்கும் ஓர் இணையத்தளம்

ஒரு சுற்றறிக்கையோ பாடசாலை அனுமதிப் பட்டியலோ பாமினி எழுத்துருவில் தட்டச்சாகி, பி.டி.எஃப். கோப்பாக வந்து சேர்ந்தால் கண்ணால் வாசிப்பவருக்கு அதில் ஒரு குறையும் தெரியாது. ‘கல்முனை’ என்ற பெயர் கொட்டை எழுத்தில் துலக்கமாக நிற்கும். அதே கோப்பைப் பார்வையற்ற ஒருவர் தன் போனில் திறந்து, எழுத்தெழுத்தாக வாசிக்கவிட்டால் காதில் விழுவது வேறு: எஃப், வை, அரைப்புள்ளி, கே, ஐ, டி. சொல்லாக வாசிக்கவிட்டால் இன்னும் வேடிக்கை. கடைசி மூன்று எழுத்தும் ஆங்கிலத்தில் ‘கிட்’ என்று சேர்ந்துவிடும். முனை போய்ச் சின்னப் பிள்ளை வந்துவிடும். பாமினி தமிழைச் சேமிப்பதில்லை. ஆங்கில விசைகளைச் சேமித்துவிட்டு, அவற்றின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திக் காட்டுகிறது. போர்வை கண்ணுக்கு மட்டுந்தான். அந்தக் கோப்பிலிருந்து ஒரு பந்தியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பார்த்த எவருக்கும் உள்ளே இருக்கும் குப்பை தெரிந்திருக்கும். யூனிகோடில் தமிழ் 1991இலேயே இடம்பிடித்துவிட்டது; இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் 2008இல் எஸ்.எல்.எஸ். 1326 என்ற தமிழ்க் குறியீட்டுத் தரத்தையும் வெளியிட்டது. ஆனாலும் நம் அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் பாமினிக்குப் பழகிய விரல்கள் இன்னும் ஓயவில்லை.

திரைவாசிப்பான் என்பது திரையில் உள்ளதைக் குரலாக்கிச் சொல்லும் மென்பொருள். கணினிக்கு ‘ஜாஸ்’ போன்றவை முன்பே இருந்தன. விலை ஆயிரம் டொலர் அளவில் போனது. 2006இல் அவுஸ்திரேலிய இளைஞர் இருவர் ‘என்விடிஏ’வை இலவசமாகத் தந்தார்கள். 2009 இன்னும் பெரிய திருப்பம். ஐபோன் 3ஜிஎஸ் ‘வொய்ஸ்ஓவர்’ என்ற வாசிப்பானோடு வந்தது. அதே ஆண்டில் அண்ட்ரொய்டிலும் ‘டோக்பேக்’ சேர்ந்தது. பொத்தானே இல்லாத வழுவழுப்பான கண்ணாடியைப் பார்வையற்றவர் எப்படிப் பாவிப்பார் என்று கேட்டவர்களுக்கு விடை கிடைத்தது. விரலை வலப்புறம் ஒருமுறை தடவினால் அடுத்த உருப்படியின் பெயரைக் குரல் சொல்லும். வேண்டியது வந்ததும் திரையில் எங்கேனும் இருமுறை தட்டினால் அது திறக்கும். மேல்-கீழ் தடவல் தலைப்புக்குத் தலைப்பு தாவும்படி அமைத்துக்கொள்ளலாம். பழகியவர்கள் குரலின் வேகத்தைக் கூட்டி வைத்துக் கேட்பார்கள்; பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு சொல்லும் பிடிபடாது. அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இயங்கும் ‘வெப்எய்ம்’ அமைப்பு 2023-24இல் நடத்திய கணக்கெடுப்பில், பதிலளித்தோரில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் கையடக்கத் தொலைபேசியில் திரைவாசிப்பான் பாவிப்பதாகச் சொன்னார்கள். பதிலளித்தோர் பெரும்பாலும் அமெரிக்க, ஐரோப்பியர் என்பதால் அந்த எண்ணை அப்படியே அம்பாறைக்குப் பொருத்த முடியாது. ஆனால் மடிக்கணினி வாங்க வசதியில்லாத இடத்தில் போனின் பங்கு கூடுமே தவிரக் குறையாது.

அப்படியானால் கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ இணையத்தளம் கட்டப் பழகும் இளைஞர், காதால் வாசிப்பவருக்கும் ஏற்பத் தளம் அமைப்பதை எங்கிருந்து கற்கத் தொடங்க வேண்டும்? ஆங்கிலப் பாடநூல்கள் படத்துக்கு மாற்று உரை எழுதுவதிலும் நிற வேறுபாட்டிலும் தொடங்குகின்றன. அங்கே அது சரி. ஆங்கில எழுத்து ஏற்கெனவே எழுத்தாகவே இருக்கிறது. நம் அம்பாறைக் கரையில் பாடம் அதற்கு ஒரு படி கீழே, எழுத்திலேயே தொடங்க வேண்டும் என்பதுதான் என் வாதம். இங்கே பொதுச் செய்திகளில் பெரும்பகுதி கணினி கண்ணில் எழுத்தே அல்ல. ஒன்று, பாமினி போர்த்திய ஆங்கில விசைகள். அல்லது முழுப் படம்.

படத்தின் கதையைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் நிந்தவூரிலும் ஜனாஸா அறிவித்தல் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் வருவது வழக்கம். காலமானவர் யார், யாருடைய மகன், எந்த வீதி, நல்லடக்கம் எத்தனை மணிக்கு என்று எல்லாம் குரலில் வரும். பார்வையற்றவருக்கும் பார்வையுள்ளவருக்கும் அதில் வேறுபாடில்லை. இப்போது அதே அறிவித்தல் முகநூலிலும் வாட்ஸ்அப் குழுமங்களிலும் உள்ளூர்ச் செய்தித் தளங்களிலும் பூ வேலைப்பாட்டுச் சட்டமிட்ட ஒரு படமாகச் சுற்றுகிறது. படத்தின் மேல் ‘இன்னாலில்லாஹி’ என்று மட்டும் ஒரு வரி இருக்கும். திரைவாசிப்பான் அந்த வரியைச் சொல்லிவிட்டு, ‘படம்’ என்று நின்றுவிடும். யாரோ மௌத்தாகிவிட்டார் என்பது தெரியும். யார் என்பது தெரியாது. தொழில்நுட்பம் முன்னேறியதால் ஒருவருக்குக் கிடைத்துவந்த செய்தி கிடைக்காமல் போன விந்தை இது. ஊரைவிட்டுக் கட்டாருக்கோ கொழும்புக்கோ போன பார்வையற்றவருக்கு ஒலிபெருக்கியும் இல்லை.

நோன்பு கால நேர அட்டவணையும் இப்படித்தான். முப்பது நிரைகள், ஒவ்வொன்றிலும் பிறை, திகதி, சஹர் முடிவு, இஃப்தார் நேரம். அனுசரணையாளரின் சின்னத்தோடு அச்சிட்ட அட்டையைப் படமெடுத்துத் தளத்தில் ஏற்றிவிடுகிறார்கள். அதையே எச்.டி.எம்.எல்லில் உண்மையான அட்டவணையாக அமைத்து, தலைப்புக் கலங்களைத் தலைப்பு என்றே குறித்தால், வாசிப்பான் நேரத்தை மட்டும் உதிர்க்காமல் ‘இஃப்தார்’ என்ற தலைப்போடு சேர்த்துச் சொல்ல வழி பிறக்கும். கண்ணுள்ளவருக்கும் இதில் இலாபம் உண்டு. படத்தைச் சிறிய திரையில் இரு விரலால் இழுத்து இழுத்துப் பெரிதாக்கித் தேட வேண்டியதில்லை. கூகுளில் தேடினாலும் அகப்படும். கூகுளின் தேடுபொறியும் படத்தையும் பாமினியையும் தாண்டிப் போகத் தடுமாறுகிற ஒரு வாசகர்தான்.

எழுத்து யூனிகோடாகிவிட்டால் அடுத்தது மொழிக் குறி. ஒவ்வொரு பக்கத்தின் தொடக்கத்திலும் இது எந்த மொழி என்று இரண்டு எழுத்தில் எழுதும் இடம் ஒன்று உண்டு. இலவச வார்ப்புருவைப் பதிவிறக்கிக் கட்டுபவர்கள் அங்கே ஆங்கிலம் என்று இருப்பதை மாற்றுவதே இல்லை. பக்கம் முழுவதும் தமிழ், அறிமுக அட்டையில் மட்டும் ஆங்கிலம். அதை நம்பி வாசிப்பான் ஆங்கிலக் குரலை எடுத்துக்கொண்டால் தமிழ் எழுத்துகளை விழுங்கிவிட்டு இடையிலுள்ள எண்களை மட்டும் சொல்லலாம், அல்லது வெளிநாட்டார் நாக்கில் தமிழை மென்று துப்பலாம். நம் ஊர்த் தளங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. கட்டுரையின் நடுவில் ஓர் ஆயத்தோ துஆவோ அரபு எழுத்தில் வரும். உலகளாவிய இணைய அணுகல் வழிகாட்டி பக்கத்துக்கு ஒரு மொழிக் குறியும், இடையில் வரும் வேற்றுமொழிப் பகுதிக்குத் தனிக் குறியும் கேட்கிறது. அந்த ஒரு வரிக்கு அரபு என்று குறித்தால், அரபுக் குரல் உள்ள போனில் வாசிப்பான் குரலை மாற்றிக்கொள்ள முடியும். தஜ்வீதோடு ஓதாது, எழுத்தைத் தவறவிடாமல் சொல்லும்.

இதன் பிறகுதான் எல்லா நாட்டுக்கும் பொதுவான பாடம் வருகிறது. வெப்எய்ம் அமைப்பு ஆண்டுதோறும் உலகின் முன்னணிப் பத்து லட்சம் முகப்புப் பக்கங்களைத் தானியங்கிக் கருவியால் சோதிக்கிறது. 2025இல் 94.8 சதவீதப் பக்கங்களில் பிழை அகப்பட்டது. பிழைகளின் எண்ணிக்கையைவிட அவற்றின் வகைதான் யோசிக்க வைக்கிறது. கண்டுபிடிக்கப்பட்டவற்றில் 96 சதவீதம் ஆறே வகைக்குள் அடங்கின: மங்கிய எழுத்து, மாற்று உரை இல்லாத படம், பெயரில்லாத படிவக் கட்டம், வெற்று இணைப்பு, வெற்றுப் பொத்தான், குறிக்கப்படாத மொழி. ஒன்றுகூட ஆராய்ச்சி தேவைப்படும் சமாசாரம் இல்லை. எல்லாம் அவசரத்தில் விட்டவை. பொத்தானுக்கென்று எச்.டி.எம்.எல்லில் ‘பட்டன்’ என்ற குறியே இருக்க, ‘டிவ்’ என்ற வெறும் பெட்டிக்கு நிறம் பூசி, ஓரத்தை வளைத்து, தொட்டால் இயங்கும்படி செய்துவிடுகிறார்கள். பார்க்கப் பொத்தான்தான். வாசிப்பானுக்கு அது ஒரு சொல், அவ்வளவுதான். அதை இருமுறை தட்டலாம் என்றே கேட்பவருக்குத் தெரியாது.

ஒரு பெறுபேற்றுப் பக்கத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். சுட்டெண்ணை இடும் கட்டத்துக்குள் ‘சுட்டெண்’ என்று சாம்பல் நிறத்தில் எழுதியிருக்கிறது. முறையான பெயர்க் குறி இல்லை. விரல் அங்கே வந்ததும் குரல் ‘திருத்தும் கட்டம்’ என்று மட்டும் சொல்லக்கூடும். எதைத் திருத்துவது? குருட்டு வாக்கில் எண்ணை இட்டு அடுத்ததற்குப் போனால் ‘பெயரிடப்படாத பொத்தான்’. அது தேடலா, அழித்தலா? தேடல் என்று வைத்துத் தட்டினால், வளைந்து நெளிந்த எழுத்துப் படம் ஒன்று ‘நீங்கள் இயந்திரமல்ல என்று நிரூபியுங்கள்’ என்கிறது. ஒலி வடிவம் இல்லாத அந்தப் புதிர் அவரை மனிதர் இல்லை என்று முடிவுகட்டி வெளியே நிறுத்திவிடும். இதே பக்கத்தில் கட்டத்துக்கு ஒரு ‘லேபல்’, பொத்தானுக்கு ஒரு சொல், பெறுபேறு வந்ததும் அதை அறிவிக்கும் ஒரு குறி, இவ்வளவும் சேர்த்தால் பத்து வரி கூடாது.

இதைக் கற்கும் கருவி கற்பவரின் சட்டைப் பையிலேயே இருக்கிறது என்பதுதான் மற்றப் பாடங்களுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு. போனின் அமைப்புகளில் அணுகல்தன்மை என்ற பகுதிக்குப் போய் டோக்பேக்கை இயக்கி, தமிழ்க் குரலைத் தெரிவுசெய்து, தான் கட்டிய பக்கத்தைத் திறந்து, திரையைப் பார்க்காமலே அதில் ஒரு வேலையை முடித்துப் பார்க்க வேண்டும். (இயக்குவதற்கு முன் நிறுத்தும் வழியைத் தெரிந்துகொள்வது நல்லது; ஒற்றைத் தட்டலுக்குப் போன் மசியாததால் பதறியவர்கள் ஏராளம்.) பட்டியலில் நாற்பது இணைப்புகள் இருந்தால் செய்திக்கு வந்து சேர நாற்பது தடவல். தலைப்புகளைத் தலைப்பாகக் குறித்திருந்தால் இரண்டே தடவல். முன்பு சொன்ன 2023-24 கணக்கெடுப்பில் நீண்ட பக்கமொன்றில் தகவல் தேடுவோரில் பத்தில் ஏழு பேர் முதலில் தலைப்புகளைத்தான் பிடித்துப் போவதாகச் சொன்னார்கள். எழுத்தைப் பெரிதாக்கித் தடித்தால் தலைப்பாகிவிடாது என்பது ஒருமுறை காதால் கேட்டவருக்குப் பிறகு மறக்காது. கைபேசியை மனத்தில் வைத்தே இணைய அணுகல் வழிகாட்டியின் 2.1 பதிப்பு 2018இலும் 2.2 பதிப்பு 2023 ஒக்டோபரிலும் வந்தன. தொடுமிடம் மிகச் சிறிதாக இருக்கலாகாது, போனைப் படுக்க வைத்தாலும் நிமிர்த்தினாலும் பக்கம் இயங்க வேண்டும் என்பன போன்றவை அவற்றில் உண்டு.

இத்தனைக்கும் எத்தனை பேருக்காக என்ற கேள்வி எழும். 2012 குடிசனக் கணக்கெடுப்பில் இலங்கையில் ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் ஏறத்தாழ 10 லட்சம் பேர் பார்ப்பதில் சிரமம் உள்ளவர்களாகப் பதிவானார்கள். எல்லாரும் திரைவாசிப்பான் பாவிப்பவர்கள் அல்லர். கண்ணாடியோடு சமாளிப்பவர்களே பலர். உண்மையில் முழுப் பார்வையற்றோர் எண்ணிக்கை சிறியதுதான். ஆனால் எண்ணிக்கை வாதம் இந்தக் கரையில் எடுபடக் கூடாது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாட்டிலேயே அதிக உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் அம்பாறை, 10,000க்கு மேல். இன்று வெள்ள, சூறாவளி எச்சரிக்கைகள் ஊர்க் குழுமங்களுக்கு வந்து சேர்வது பெரும்பாலும் வரைபடமாகவும் கையொப்பமிட்ட கடிதத்தின் படமாகவும். எச்சரிக்கை எட்ட வேண்டியவர்களில் ஒருவர் குறைந்தாலும் பரவாயில்லை என்று எந்த அலுவலரும் சொல்ல மாட்டார். நீரிழிவு இத்தனை வீடுகளில் குடியிருக்கும் நாட்டில், அந்தச் சிறிய எண்ணிக்கையில் நாளை யார் சேர்வார்கள் என்பதும் நிச்சயமில்லை.

இரண்டாவது மறுப்பு நம் ஊருக்கே உரியது: வீட்டில் உம்மா இருக்கிறார், தங்கை இருக்கிறாள், யாராவது வாசித்துக் கொடுப்பார்கள். கூட்டுக் குடும்பமும் அண்டை அயலும் இன்னும் உயிரோடு இருக்கும் ஊர்களில் இது பொய்யான வாதம் இல்லை. ஆனால் வங்கியின் ஒருமுறைக் கடவுச்சொல்லை யார் வாசிப்பது? இரத்தப் பரிசோதனை அறிக்கையை? ஒரு பெண்ணுக்கு வந்த விவாகப் பேச்சுக் கடிதத்தை? உதவி கிடைப்பது ஒன்று. உதவி இல்லாமல் ஒன்றுமே முடியாது என்பது இன்னொன்று. வாசித்துக் கொடுப்பவர் தனக்குச் சரியெனப் பட்டதை மட்டும் வாசிப்பதும் நடக்கும். அதில் கெட்ட எண்ணம் இருக்க வேண்டியதில்லை.

மூன்றாவதுதான் இப்போது அதிகம் கேட்பது: செயற்கை நுண்ணறிவு படத்தை விளக்கிவிடுமே, தளம் கட்டுபவர் எதற்கு மெனக்கெட வேண்டும்? இது வெறும் வாதம் என்று தள்ள முடியாது. டோக்பேக்கிலேயே படத்தை விவரிக்கும் வசதி வந்துவிட்டது. தமிழ் எழுத்தைப் படத்திலிருந்து பிரித்தெடுக்கும் கருவிகளும் நாளுக்கு நாள் தேறி வருகின்றன. பழைய ஆவணங்களுக்கு அவை பெரிய வரம். ஆனால் 6.14 என்பதை 6.41 என்று வாசித்துவிட்டால் கேட்பவருக்கு ஐயமே எழாது; குரல் அவ்வளவு உறுதியாகச் சொல்லும். நோன்பு திறக்கும் நேரத்திலோ மருந்தின் அளவிலோ அந்தப் பிழைக்கு விலை உண்டு. மேலும், எழுதியவர் கையில் ஒருமுறை எழுத்தாக இருந்ததைப் படமாக்கி அனுப்பிவிட்டு, ஆயிரம் பேர் தங்கள் டேட்டாவைச் செலவழித்துத் திரும்ப எழுத்தாக்கட்டும் என்பது என்ன கணக்கு?

செலவு பற்றிய மறுப்புக்கு ஒரு பழைய வழக்கே பதில். 2000 சிட்னி ஒலிம்பிக் தளம் தன்னால் வாசிக்க முடியாதபடி இருப்பதாகப் பார்வையற்றவரான புரூஸ் மக்வாயர் முறையிட்டார். படங்களுக்கு மாற்று உரை இல்லை. விளையாட்டுப் பட்டியலுக்கும் முடிவு அட்டவணைகளுக்கும் வழி இல்லை. திருத்த ஓராண்டுக்கு மேல் ஆகும், 22 லட்சம் அவுஸ்திரேலிய டொலர் போகும் என்றது ஏற்பாட்டுக் குழு. அவர் தரப்பு வல்லுநர்கள் ஒரு சிறு குழு நான்கு வாரத்தில் முடித்துவிடும் என்றார்கள். மனித உரிமை ஆணைக்குழு முறைப்பாட்டாளர் பக்கம் தீர்ப்பளித்தது. கட்டளையை முழுதாக நிறைவேற்றாத குழு அவருக்கு 20,000 டொலர் செலுத்த நேர்ந்தது. கட்டி முடித்ததை உடைத்துத் திருத்தும்போதுதான் செலவு பூதமாகத் தெரியும். முதல் நாளே ‘பட்டன்’ என்று எழுத ‘டிவ்’ என்று எழுதுவதைவிட ஒரு சதமும் கூடாது. இடையில் குறுக்கு வழி விற்பவர்களும் உண்டு: ஒரு வரியைத் தளத்தில் ஒட்டினால் எல்லாம் சரியாகும் என்கிறார்கள். அப்படி விளம்பரம் செய்த ‘அக்சஸிபி’ நிறுவனம் 10 லட்சம் டொலர் கட்ட வேண்டும் என்று அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணைக்குழு 2025 ஜனவரியில் அறிவித்தது.

சட்டம் எங்கே நிற்கிறது? இலங்கையில் 1996இன் 28ஆம் இலக்கச் சட்டம் இயலாமையுடையோருக்கு எதிரான பாகுபாட்டைத் தடுக்கிறது. 2006 ஒழுங்குவிதிகளின் கவனம் கட்டடங்களின் மேல். 2016 பெப்ரவரியில் இலங்கை ஏற்புறுதி செய்த ஐ.நா. சமவாயத்தின் 9ஆம் உறுப்புரை தகவல் தொழில்நுட்பத்தையும் பெயர் சொல்லிச் சேர்க்கிறது. இந்தியாவில் 2025 ஏப்ரல் 30 அன்று, பிரக்யா பிரசூன் வழக்கில், எண்ணிம அணுகல் வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அங்கே வழக்குத் தொடுத்தவர்களில் பார்வையற்ற வழக்கறிஞர் ஒருவரும் இருந்தார். நம் நாட்டிலும் அப்படியொரு தீர்ப்பு வந்தால் நல்லதே. ஆனால் சாய்தளம் வைக்கச் சொன்ன விதிகள் வந்து இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எத்தனை அலுவலக வாசலில் படிகள் மட்டுமே இருக்கின்றன என்று பார்த்தால், சட்டத்துக்காகக் காத்திருந்து கற்கத் தொடங்குவது புத்தியாகப் படவில்லை.

கற்பிக்கும் இடங்கள் இங்கே இல்லாமல் இல்லை. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. உயர்தரத்துத் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பப் பாடத்தில் எச்.டி.எம்.எல். இருக்கிறது, பிரதான வீதியெங்கும் டிப்ளோமா தரும் தனியார் நிலையங்கள் இருக்கின்றன. படக் குறியைக் கற்பிக்கும் அதே வகுப்பில் மாற்று உரையையும், பக்கத்தின் முதல் வரியை எழுதும் அதே வகுப்பில் மொழிக் குறியையும் சொல்லிவிட்டால் தனிப் பாடமே வேண்டாம். கடைசியில் ‘அணுகல்தன்மை’ என்று ஓர் அத்தியாயம் வைத்தால்தான் ஆபத்து. தவணை முடிவில் நேரமில்லை என்று முதலில் கைவிடப்படுவது அதுவாகத்தான் இருக்கும். அலுவலகங்களில் தட்டச்சு செய்வோருக்கு யூனிகோடு விசைப்பலகைப் பயிற்சி ஒரு வாரம் கொடுத்தால், தளம் கட்டுபவரின் பாதி வேலை அங்கேயே முடியும். பாமினி விசை அமைப்பிலேயே யூனிகோடைத் தட்டும் மென்பொருள்கள் இருப்பதால் பழகிய விரல்களுக்கும் நோகாது.

சோதிப்பதற்குக் கண்ணை மூடிக்கொண்ட மாணவர் மட்டும் போதாது. அவருக்குத் திரை எப்படி இருக்கும் என்று முன்பே தெரியும். தடுமாறும்போது நினைவு கைகொடுத்துவிடும். நாள் முழுதும் டோக்பேக்கோடு வாழ்பவர்தான் உண்மையான தடங்கலைக் காட்டுவார், அதுவும் மாணவர் எதிர்பாராத இடத்தில். அப்படிப்பட்டவர்களை அந்தந்த ஊரிலேயே தேடலாம். மட்டக்களப்பின் ‘தரிசனம்’, சுன்னாகத்தின் ‘வாழ்வகம்’ போன்ற பார்வையற்றோர் நிறுவனங்கள் வழியாகவும் விசாரிக்கலாம். போனிலேயே நடக்கும் சோதனை என்பதால் பயணமும் கட்டாயமில்லை. ஆனால் அவர் தருவது தொழில் ஆலோசனை. அதற்கான கட்டணம் வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் விலைமனுவில் டொமைன், ஹோஸ்டிங் வரிகளுக்குக் கீழே தனி வரியாக இருக்க வேண்டும். சமூக சேவை என்ற பெயரில் அவரிடம் ஓசியில் வாங்கக் கூடாது.